கியர் பாக்ஸுக்குள் ஒரு முந்திரி இடைவெளி



"டீச்சர், கார் என்னாச்சு?" என்று பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கார் நன்றாக ஓடுகிறது. ஆனால் அது எப்படிச் சரியானது என்று சொல்ல உட்கார்ந்தால் பாரிஸ், டெட்ராய்ட், ஸ்வீடன் எல்லாம் போய்விட்டுத்தான் நம் ஊர் பைபாஸ் ரோட்டுக்கு வர வேண்டியிருக்கிறது. பதிவு நீளம். ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

அது எங்கள் வீட்டுக்காரர் வாங்கிய கார். அவர் போன பிறகு இரண்டு வருடம் ஷெட்டில் நின்றது. பிறகு நானே ஓட்டக் கற்றுக்கொண்டு எடுக்க ஆரம்பித்தேன். போன வருடம் மூன்றாவது கியர் நிற்காமல் கழல ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், லீவர் 'டக்'கென்று துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடும். ஒரு ஒர்க்ஷாப்பில் பாக்ஸை இறக்கி, சின்க்ரோ ரிங்கும் ஹப்பும் மாற்றி ஏற்றினார்கள். ஒரே மாதத்தில் பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி இறக்கி மறுபடி ரிங் மாற்றினார்கள். மூன்றாவது முறை போனபோது, "பாக்ஸ் போச்சும்மா, வந்த விலைக்கு வண்டியத் தள்ளிவிட்டுருங்க" என்றார்கள். மகளும் அதையேதான் சொன்னாள். எனக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் என் பழைய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். பைபாஸில் கியர் பாக்ஸ் வேலை மட்டும் பார்க்கிறான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். உங்களில் சிலருக்குத் தெரிந்துவிடும், கீழே எழுதிவிடாதீர்கள்.

அவன் பாக்ஸைப் பிரித்து, மெயின் ஷாஃப்டை எடுத்து மேஜையில் வைத்தான். மடக்குக் கத்தி மாதிரி ஒரு கட்டிலிருந்து மெல்லிய தகடு ஒன்றை விரித்து, மூன்றாவது கியருக்கும் அதன் பக்கத்துத் தோள்பட்டைக்கும் நடுவில் செருகினான். அதற்கு ஃபீலர் கேஜ் என்று பெயர். ஒர்க்ஷாப் பையன்கள் வாயில் அது ஃபில்லர் கேஜ். ஒவ்வொரு தகட்டின் மேலும் அதன் தடிமன் பொறித்திருக்கும். ஒன்று சுலபமாகப் போனது. அடுத்தது லேசாகப் பிடித்துக்கொண்டு போனது. அதற்கடுத்தது போகவில்லை.

"0.40 இருக்கு டீச்சர். இதுக்கு 0.30க்கு மேல போகக் கூடாது."

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. 1980களில் ஆறாம் வகுப்பில், 0.15 பெரியதா 0.4 பெரியதா என்று கேட்டபோது, "0.15தான் டீச்சர், பதினஞ்சு நாலைவிடப் பெரிசுல்ல" என்று அடித்துச் சொன்ன பையன் அவன். உள்ளங்கையை நீட்டச் சொல்லிப் பிரம்பால் இரண்டு அடி கொடுத்தேன். தசமத்தில் அவன் தேறவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு கேள்விகள் என்னை விடவில்லை. இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் இடைவெளி எதற்கு? அது 0.30க்கு மேல் போகக்கூடாது என்று சொல்லும் அளவுக்கு மனிதன் எப்போது துல்லியமாக அளக்கக் கற்றான்? தேடித்தேடிப் படித்தேன். அதைத்தான் பகிர்கிறேன்.

முதல் கேள்விக்கு உங்களுக்கே பதில் தெரியும். தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்று வகுப்பில் கேட்டிருக்கிறேன். வெயிலில் இரும்பு நீளும். கியர் பாக்ஸிலும் அதே கதைதான். 100 மி.மீ. நீளமுள்ள எஃகுத் தண்டு, 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 0.07 மி.மீ. நீளும். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். இன்னொரு காரணம் எண்ணெய். மேனுவல் கியர் பாக்ஸில் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுற்றுகின்றன. நாம் மூன்றாவது கியர் போடாத நேரத்தில், அந்தச் சக்கரம் தண்டின் மேல் சும்மா உருண்டுகொண்டிருக்கும். அந்த இடத்தில் எண்ணெய்ப் படலம் நுழைய வழி வேண்டும். வழி இல்லையென்றால் சூடேறி, உரசி, தண்டோடு பிடித்துக்கொள்ளும். வழி அதிகமானால் சக்கரம் முன்னும் பின்னும் ஆடும், பல் முழுதாகக் கோக்காது, என் காரில் நடந்ததுபோல் கியர் கழன்று வரும். குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு.

இரண்டாவது கேள்விக்குப் பதில் ஒரு வரலாறு.

பிரான்சில் எமில் லெவாஸர் என்ற பொறியாளர், 1890களின் தொடக்கத்தில், பனார் லெவாஸர் கார்களில் இன்ஜினை முன்னால் வைத்து, நடுவில் நகரும் பல்சக்கரங்களை வைத்து, சக்தியைப் பின் சக்கரத்துக்கு அனுப்பினார். இன்றைய மேனுவல் கியர் பாக்ஸின் பாட்டன் அதுதான். சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பல்சக்கரத்தை, வேறு வேகத்தில் சுற்றும் இன்னொன்றின் மேல் தள்ளி மோத வைப்பதுதான் அந்த முறை. முரட்டு வேலைதான் என்று அவரே ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஒரு பாகத்தை இன்னொன்றோடு பொருத்துவது அரம் பிடித்த கையின் வேலை. ராவி, போட்டுப் பார்த்து, மறுபடி ராவி, சரியாக உட்காரும்வரை செய்வார்கள். நம் வீட்டில் அல்வா கிண்டும்போது பார்க்கும் பதம் மாதிரி. அந்தக் கைகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு காருக்கு ராவிய பாகம் பக்கத்துக் காருக்குச் சேராது. ராவியவர் ஊரில் இல்லையென்றால் கார் நின்றது நின்றதுதான்.

பதத்தை எண்ணாக மாற்றும் கருவி அதற்கு முன்பே பிறந்திருந்தது. 1848இல் பாரிஸில் ழான் லோரான் பால்மர் என்பவர் கையடக்கமான திருகு அளவிக்குக் காப்புரிமை வாங்கினார். மைக்ரோமீட்டர் என்று நாம் சொல்வது அதைத்தான். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அதை 'பால்மர்' என்றே சொல்கிறார்கள். தத்துவம் எளிது. ஒரு சுற்றுக்கு அரை மி.மீ. நகரும் திருகின் தலையை 50 கோடுகளாகப் பிரித்தால், ஒரு கோடு 0.01 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத நீளத்தைக் கண்ணுக்குத் தெரியும் சுற்றாக மாற்றிவிட்டார். ஆறாம் வகுப்புக் கணக்குதான்!

1867 பாரிஸ் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர்கள் பிரவுனும் ஷார்ப்பும் அந்தக் கருவியைப் பார்த்துத் தங்கள் ஊரில் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அவர்களுடைய நிறுவனத்தில் 1870களில் சேர்ந்தவர் ஹென்றி லேலண்ட். அதற்கு முன் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை கற்றவர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றுக்குச் சேர வேண்டிய கட்டாயம் இருந்தது. அந்தக் கண்டிப்பை அவர் கார் தொழிலுக்குக் கொண்டுவந்தார். டெட்ராய்டில் கேடிலாக் நிறுவனத்தை நடத்தியவர் அவர்தான்.

1908இல் லண்டனுக்கு அருகே புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த சம்பவம். விற்பனைக்கு இருந்த கேடிலாக் கார்களிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு, அரச ஆட்டோமொபைல் கிளப்பின் ஆட்கள் கண்முன்னே மூன்றையும் கடைசி மறைவரை பிரித்துப் போட்டார்கள். ஒரு காருக்கு 721 பாகங்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதிலிருந்து 89 பாகங்களை எடுத்துவிட்டு, கடையில் இருந்த உதிரிபாகங்களை அவற்றுக்குப் பதிலாகப் போட்டார்கள். பிறகு ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் மட்டும் வைத்துக்கொண்டு மூன்று கார்களையும் திரும்பப் பூட்டினார்கள். மூன்றும் 500 மைல் ஓடின. கேடிலாக்குக்கு டூவர் கோப்பை கிடைத்தது. அந்தக் கார்களில் இருந்தது இரண்டே வேகம் கொண்ட, நம் மேனுவல் பாக்ஸிலிருந்து வேறுபட்ட வேறு வகைக் கியர். ஆனால் அன்று நிரூபணமானது எல்லாக் கியர் பாக்ஸுக்கும் பொருந்தும். ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு தொழிலாளிகள் செய்த பாகங்கள், எண்ணை மட்டும் நம்பி ஒன்றாகச் சேர முடியும்.

சரி, எண்ணை நம்பலாம். என் மைக்ரோமீட்டரும் உங்கள் மைக்ரோமீட்டரும் ஒரே எண்ணைத்தான் காட்டுகின்றன என்று எப்படித் தெரியும்? அதற்குப் பதில் சொன்னவர் ஸ்வீடன்காரர் கார்ல் எட்வர்ட் யோஹான்சன். அவரும் எஸ்கில்ஸ்டூனா நகரத்துத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்தான். ஜெர்மனியின் மௌசர் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் போனபோது, ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி அளவுகோல் கட்டை வைத்து, அவை மலையாகக் குவிந்திருந்ததைப் பார்த்தார். சில கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று சேர்த்தே எல்லா அளவையும் கொண்டுவந்துவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. 102 கட்டைகள் போதும் என்று கணக்குப் போட்டார். அவற்றை வைத்து 1 மி.மீ. முதல் 201 மி.மீ. வரை 0.01 மி.மீ. வித்தியாசத்தில் 20,000 அளவுகள் செய்யலாம். வீட்டுத் தையல் மிஷினையே சாணை பிடிக்கும் இயந்திரமாக மாற்றிக் கட்டைகளைத் தேய்த்தார். அவற்றின் முகங்கள் அவ்வளவு சமதளம், ஒன்றோடொன்று அழுத்தித் தேய்த்தால் பசை இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். ஓர் அங்குலத்துக்கு 25.4 மி.மீ., அளக்கும் வெப்பநிலை 20 டிகிரி என்று வைத்துக்கொண்டு அவர் கட்டைகளைச் செய்தார். உலகமும் பிறகு அதையே ஏற்றுக்கொண்டது. 1923இல் அவர் ஃபோர்டு நிறுவனத்துக்கே போய்ச் சேர்ந்தார். இன்று பைபாஸ் ரோட்டில் 0.30 என்று பொறித்த தகடு 0.30ஆகவே இருக்கிறது என்றால், அந்த நம்பிக்கையின் வேர் அந்தக் கட்டைகளில் இருக்கிறது.

அடுத்த கட்டமும் கேடிலாக்கில்தான். பழைய கார்களில் கியர் மாற்ற கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். இல்லையென்றால் 'கர்ர்ர்' என்று ஊரே திரும்பிப் பார்க்கும். அம்பாசடரில் முதல் கியருக்கு வண்டியை நிறுத்தித்தான் வர வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது நினைவிருக்கிறதா? நீண்ட காலம் அந்தக் கியருக்கு மட்டும் சின்க்ரோ கிடையாது. ஏர்ல் தாம்சன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய சின்க்ரோமெஷ் அமைப்பு 1928இல் கேடிலாக்கில் வந்தது. பற்கள் மோதுவதற்கு முன், கூம்பு வடிவப் பரப்புகள் இரண்டு உரசி, இரண்டு பக்கத்து வேகத்தையும் சமமாக்கிவிடும். சண்டைக்காரர்கள் இரண்டு பேரைக் கைகுலுக்க வைப்பதற்கு முன் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசும் பெரியவர் மாதிரி.

இன்றைய கார்களில் பெரும்பாலும் பித்தளை வளையம் ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. இங்கேதான் ஒரு விசித்திரம். தேய்ந்தால் இடைவெளி கூடும் என்றுதானே நினைப்போம்? இந்த வளையத்தில் தேய்ந்தால் இடைவெளி குறையும்! வளையத்தின் உட்புறம் தேயத் தேய, அது கூம்பின் மேல் இன்னும் உள்ளே இறங்கி உட்காரும். வளையத்தைக் கூம்பின் மேல் கையால் அழுத்தி, அதற்கும் கியர் முகத்துக்கும் நடுவில் சுற்றிலும் தகடு விட்டு அளக்க வேண்டும். புதிதில் சுமார் 1 மி.மீ. இருக்கும். 0.5 முதல் 0.8 மி.மீ.க்குள் ஏதோ ஓர் அளவைக் கடைசி எல்லையாக வைத்து, அதற்குக் கீழே போனால் மாற்று என்று பல கம்பெனிக் கையேடுகள் சொல்கின்றன. வளையம் முழுதாகக் கீழே இறங்கிவிட்டால் பிடிக்கவே பிடிக்காது. பார்வைக்குப் பளபளவென்று இருக்கும் ரிங் உள்ளுக்குள் முடிந்துபோயிருக்கும்.

நுட்பம் கூடக்கூடத் தொழிற்சாலைகள் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டன. எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் இரண்டு பாகங்கள் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. அதனால் கடைசி வித்தியாசத்தைச் சரிசெய்ய, சர்க்ளிப்பையும் சிம்மையும் பல தடிமன்களில் செய்து கொடுத்தார்கள். 0.05 மி.மீ. வித்தியாசத்தில் வரிசையாக இருக்கும். அளந்து பார், உனக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள். ஒரே சீருடை எல்லாப் பிள்ளைக்கும் சேராது என்று தையல்காரருக்குத் தெரிந்த உண்மைதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தண்டின் முனைகளைத் தாங்கும் சில பேரிங்குகள் கூம்பு உருளை வகை. 1898இல் ஹென்றி டிம்கென் காப்புரிமை வாங்கிய வகை. அங்கே பல பாக்ஸ்களில் இடைவெளி பூஜ்யத்துக்கும் கீழே போகும்! உறை அலுமினியம், தண்டு எஃகு. சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் இரண்டு மடங்கு விரியும். அதனால் குளிரில் கொஞ்சம் இறுக்கமாகவே வைத்துவிட்டால், சூடானதும் சரியாக வரும். முதலில் மெல்லிய சிம் போட்டு, தண்டை மேலும் கீழும் ஆட்டி, டயல் கேஜில் ஆட்டத்தைப் படிப்பார்கள். அந்த ஆட்டத்தோடு கையேடு சொல்லும் இறுக்கத்தையும் கூட்டினால், கூடுதலாகப் போட வேண்டிய சிம்மின் தடிமன் வந்துவிடும். குறை எண்களை எதற்குப் படிக்கிறோம் என்று கேட்ட ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே, இதற்குத்தான். அந்த டயல் கேஜ் கைக்கடிகாரம் மாதிரியே இருக்கும். அதற்கு 1883இல் காப்புரிமை கேட்ட ஜான் லோகன், கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன வால்தம் ஊர்க்காரர்.

இனி நம் ஊர். நம் தச்சர்களுக்கு அங்குலத்தில் எட்டில் ஒன்று 'ஒரு நூல்'. லேத்துப் பட்டறைக்குப் போனால் 'தவு', அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, 0.0254 மி.மீ. 1956இல் மெட்ரிக் சட்டம் வந்து, பள்ளியில் நாங்கள் மீட்டரும் மில்லிமீட்டரும் படித்தோம். ஆனால் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த அம்பாசடர் அங்குலத்தில் செய்த வண்டி. அதனால் பட்டறை 'தவு' என்றே பேசியது. 1983இல் மாருதியும் தொடர்ந்து மற்ற ஜப்பானிய வடிவமைப்புகளும் வந்த பிறகுதான் மில்லிமீட்டர் ஒர்க்ஷாப்புக்குள் நுழைந்தது. இன்றும் என் மாணவன் கையேட்டை மில்லியில் படிக்கிறான், பையன்களிடம் தவுவில் பேசுகிறான்.

அதற்கும் முன்னால் போனால், நம் பாட்டன்மார் கணக்கில் முந்திரி என்றொரு பின்னம் உண்டு. ஒன்றில் 320இல் ஒரு பங்கு. ஓர் அங்குலத்தில் ஒரு முந்திரி எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.079 மி.மீ., கிட்டத்தட்ட மூன்று தவு! பழைய பெட்டிகளில் சில சக்கரங்களுக்கு விடும் ஆட்டம் ஏறக்குறைய அவ்வளவுதான். நம்மவர்கள் அதைக் கார் செய்யக் கண்டுபிடித்தார்கள் என்று யாரும் வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடாதீர்கள். அது நெல்லையும் நிலத்தையும் பங்கிடப் பயன்பட்ட கணக்கு. பெயர் மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது.

என் கார் கதைக்கு வருகிறேன். முன்பு ஹப்பை மாற்றியவர்கள் பழைய சர்க்ளிப்பையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். புது ஹப்புக்கு அது மெல்லிசு. யாரும் அளக்கவில்லை. இரண்டு தடவையும் குற்றம் சாட்டப்பட்ட ரிங் நிரபராதி. அவன் பெட்டியிலிருந்து 0.25 மி.மீ. தடிமன் கூடிய சர்க்ளிப்பை எடுத்துப் போட்டான். மறுபடி தகட்டைச் செருகினான். 0.15.

"இப்ப சொல்லுங்க டீச்சர், 0.15 பெரிசா, 0.4 பெரிசா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

அவன் எதையும் மறக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். "அட போங்க டீச்சர்" என்று டீ வாங்கிவரப் பையனை அனுப்பினான். பிறகு அந்த இரண்டு தகடுகளையும் என் கையில் கொடுத்து விரல் நுனியால் தடவிப் பார்க்கச் சொன்னான். 0.15 தகடு காற்றில் வளைந்தது. 0.40 விறைப்பாக நின்றது. முப்பத்தைந்து வருடம் தசமம் நடத்தினேன். ஒரு நாள்கூட 0.15ஐத் தொட்டுப் பார்த்ததில்லை. கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதும் என்று நினைத்தேன். அந்தப் பையனுக்கு மூளை குறைவாக இல்லை. அவன் கையில் கொடுக்க என்னிடம்தான் ஒன்றும் இல்லாமல் இருந்தது.

இரண்டு வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். உங்களில் பலர் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். ஹார்டுவேர் கடையில் ஃபீலர் கேஜ் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. தசமம் நடத்தும் நாளில் வகுப்பில் கையோடு கை சுற்ற விடுங்கள். ஓரம் கூர்மையாக இருக்கும், சின்னப் பிள்ளைகளிடம் கவனம்.

கார் வைத்திருக்கும் உறவுகளுக்கு ஒன்று. கியர் பாக்ஸைப் பிரித்து வேலை பார்த்தேன் என்று யாராவது பில் நீட்டினால், "ரீடிங் எவ்வளவு வந்தது?" என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். அளந்தவர் உடனே எண்ணைச் சொல்வார்.

போன வாரம் அவர் நினைவு நாளுக்கு நானே ஓட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய் வந்தேன். மலையடிவாரத்து இறக்கத்தில் மூன்றாவது கியரில் காலை எடுத்துப் பார்த்தேன். லீவர் அசையவில்லை.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்